மண்ணைக் கழுவும் வேலை

"மண்ணையே கழுவுவாங்களா மாமா?"

கேட்டவன் அக்கா மகன். ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அவன் தேசிய சேவை முடித்து நான்கு மாதம் ஆகிறது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்துச் சான்றிதழ் கையில் இருக்கிறது, வேலைதான் இல்லை. ராணுவத்தில் இரண்டு ஆண்டு வளர்க்கவிடாத தாடியை இப்போது ஆசையாக வளர்த்துக்கொண்டிருக்கிறான். அந்தத் தாடியும் இந்தக் கட்டுரையில் வரும், கொஞ்சம் பொறுங்கள்.

நான் மண் மாதிரி எடுக்கும் வேலையில் இருப்பவன். பழைய தொழிற்சாலை நிலங்களில் துளை போட்டு, அடியில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. வீட்டில் கேட்டால் "அவன் மண்ணு அள்ளுறான்" என்பார்கள். அன்று அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் கோத்து இங்கே எழுதுகிறேன். நஞ்சு கலந்த நிலத்தைச் சுத்தம் செய்யும் வேலை என்றால் என்ன, வேலை தேடும் இளையர்களை அதற்கு எப்படிப் பழக்குகிறார்கள், சிங்கப்பூரில் அதற்கு இடம் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

கழுவுவார்களா என்றால், கழுவுவார்கள். அரிசி களைவதை நினைத்துக்கொள்ளுங்கள். நஞ்சு பெரும்பாலும் பெரிய மணலில் தங்காது. பொடிப்பொடியான களிமண்ணில்தான் ஒட்டிக்கொள்ளும். மண்ணைத் தண்ணீர் விட்டு, தேவைப்பட்டால் சோப்பு மாதிரி ஒரு திரவமும் சேர்த்து அலசினால், மணல் தங்கிவிடும், கெட்ட பொடி கலங்கலோடு போய்விடும். மணலைத் திரும்பப் பயன்படுத்தலாம். கலங்கல் தண்ணீரைத் தனியாகச் சுத்திகரிக்க வேண்டும். இது பல வழிகளில் ஒன்றுதான், மற்றவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

நிலம் எப்படிக் கெடுகிறது

ஒரே நாளில் பெரிய விபத்து நடந்து கெட்ட நிலங்கள் குறைவு. சொட்டுச் சொட்டாகக் கெட்டவைதான் அதிகம். பெட்ரோல் நிலையத்தின் நிலத்தடித் தொட்டியில் ஊசிமுனை ஓட்டை. முலாம் பூசும் பட்டறையில் தரை விரிசல் வழியாக இறங்கிய குரோமியம். எண்ணெய்ப் பிசுக்கு துடைத்த கரைப்பானைக் கொல்லைப்புறத்தில் ஊற்றிய பழக்கம். பத்து, இருபது ஆண்டு இப்படியே நடந்தால் நிலம் நிறைந்துவிடும்.

காலாங் ஆற்றோரப் பூங்காவுக்குப் போயிருப்பீர்கள். அந்தப் பக்கம் 1862-இல் தொடங்கிய வாயு ஆலை 1998 வரை ஓடியது. இந்த ஊரின் தெருவிளக்குகளுக்கு முதலில் எரிவாயு கொடுத்தது அதுதான். ஆலையில் மிஞ்சிய இரும்பை இன்று சிற்பமாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். நிலக்கரியைச் சுட்டு வாயு எடுத்த ஆலை உலகத்தில் எந்த ஊரில் இருந்தாலும் விட்டுப்போகும் சொத்து ஏறக்குறைய ஒன்றுதான்: தார், பென்சீன், சயனைடு கலந்த கழிவு. அந்தக் கழிவு கலந்த மண் சில நாடுகளில் பளிச்சென்று நீலமாகவே இருக்கும். பார்த்தால் அழகு, தொட்டால் வம்பு.

மண்ணுக்குள் இறங்கும் எல்லாத் திரவமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. புதிதாக வருபவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். பெட்ரோலும் டீசலும் நிலத்தடி நீரைத் தொட்டதும் அதன் மேல் மிதக்கும், ரசத்தின் மேல் நெய் மிதப்பது போல. டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் தண்ணீரைவிடக் கனம். அவை நீரைத் துளைத்துக்கொண்டு அடிக்குப் போய், களிமண் படுகையில் உட்கார்ந்துகொள்ளும். கலக்காத தேயில் கெட்டிப்பால் அடியில் கிடக்குமே, அதே கதை. மேலே ஒரு துளை போட்டுப் பார்த்து "சுத்தமாக இருக்கிறது" என்று சொன்னவர், கலக்காத தேயை மேலாக ஒரு வாய் குடித்துவிட்டு "இனிப்பே இல்லை" என்று சொன்னவர் மாதிரி.

ஈயம், ஆர்சனிக் போன்ற உலோகங்கள் அழியவே அழியாது. எண்ணெயை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். உலோகத்தை ஒன்றும் தின்னாது. அதனால் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சிமெண்ட் மாதிரி எதையாவது கலந்து நகராமல் இறுக்கிக் கட்டிப்போட வேண்டும்.

அமெரிக்காவில் தொடங்கிய கதை

வேலையில்லாத இளையர்களை இந்தத் தொழிலுக்குப் பழக்கும் யோசனையைப் பெரிய அளவில் செய்து பார்த்தது அமெரிக்கா. ஏன் அங்கே என்றால், அங்கே அடி பலமாக விழுந்தது.

நயாகரா அருவி இருக்கும் ஊரில் லவ் கெனால் என்று ஒரு குடியிருப்பு. பாதியில் கைவிட்ட கால்வாய்க் குழி ஒன்றில் ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் 1942 முதல் 1953 வரை ஏறத்தாழ 20,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்தது. பிறகு மண் போட்டு மூடி, அந்த இடத்தைப் பள்ளி வாரியத்துக்கு ஒரு டாலருக்கு விற்றது. ஒரு டாலர்! பள்ளிக்கூடம் வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. இருபது சொச்சம் ஆண்டு கழித்து வீடுகளின் நிலவறையில் ரசாயனம் கசிந்தது. 1978 ஆகஸ்டில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் அங்கே நெருக்கடி நிலை அறிவித்தார். குடும்பங்கள் வீட்டை விட்டுக் கிளம்பின. 1980-இல் சூப்பர்ஃபண்ட் என்று அழைக்கப்படும் சட்டம் வந்தது. கெடுத்தவரிடம் சுத்தம் செய்யும் செலவை வசூலிக்கும் சட்டம்.

சட்டம் நல்லதுதான், ஆனால் ஒரு பக்க விளைவு. பழைய தொழிற்சாலை நிலத்தை வாங்கினால் முன்னே இருந்தவர் செய்த பாவமும் நம் தலையில் விழுமோ என்று ஆட்கள் பயந்தார்கள். மூடிய பெட்ரோல் நிலையம், சலவைக்கடை, வார்ப்புப் பட்டறை எல்லாம் நகரத்தின் நடுவிலேயே வாங்க ஆளில்லாமல் கிடந்தன. இப்படி மாசு இருக்கலாம் என்ற சந்தேகத்தாலேயே கிடக்கும் நிலத்துக்கு அங்கே பிரவுன்ஃபீல்ட் என்று பெயர். நாடு முழுக்க 4,50,000-க்கும் அதிகம் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவையின் மதிப்பீடு. 1995-இல் அந்த முகவை இவற்றைச் சோதிக்க நகரங்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது.

பணம் வந்தது, வேலை வந்தது, வேலை செய்ய ஆட்கள் வெளியூரிலிருந்து வந்தார்கள். அந்த நிலத்துக்குப் பக்கத்து வீட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த பையன் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தான். நாற்றத்தை முகர்ந்தது ஒருவர், கூலியை வாங்கியது வேறொருவர். இந்த மனத்தாங்கல்தான் 1998-இல் வேலைப் பயிற்சி மானியமாக மாறியது. அதற்குச் சற்று முன்பே, 1995-இல், அந்நாட்டுச் சுற்றுச்சூழல் நலவியல் கழகம் 18 முதல் 25 வயது வரையிலான நகர்ப்புற இளையர்களுக்கென்று இதே மாதிரி ஒரு பயிற்சியைத் தொடங்கியிருந்தது.

1998-இலிருந்து இன்றுவரை முகவையின் மானியத்தில் 20,000-க்கும் மேற்பட்டவர்கள் பயிற்சி முடித்திருக்கிறார்கள். ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு வேலை கிடைத்திருக்கிறது. வேலைப் பயிற்சித் திட்டங்கள் பலவற்றின் கதையைக் கேட்டவர்களுக்கு இது எவ்வளவு நல்ல கணக்கு என்று தெரியும். சான்றிதழ் கொடுத்து, கைகுலுக்கி, படம் எடுத்து அனுப்பிவிடும் திட்டங்கள்தானே அதிகம்.

இது ஏன் பலித்தது என்று என்னைக் கேட்டால், வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் செய்த வேலையால் என்பேன். மானியம் இளையர் கைக்குப் போவதில்லை. நகர மன்றத்துக்கோ சமூகக் கல்லூரிக்கோ தொண்டு அமைப்புக்கோ போகும். அந்த அமைப்பு முதலில் சுற்றுவட்டாரத்து நிறுவனங்களிடம் போய், "உங்களுக்கு என்ன சான்றிதழ் இருக்கிற ஆள் வேண்டும், எத்தனை பேர் வேண்டும்" என்று கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்டு வந்த பிறகுதான் பாடத்திட்டம். பெண் வீட்டில் பேசாமல் பந்தல் போடக்கூடாது, அவ்வளவுதான்.

சேர்பவர்கள் யார்? வேலை இழந்தவர்கள், பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், படையிலிருந்து திரும்பியவர்கள், சிறையிலிருந்து வந்தவர்கள். கடைசிப் பிரிவைப் படித்ததும் எனக்கு நம்முடைய மஞ்சள் நாடா இயக்கம் நினைவுக்கு வந்தது. பயிற்சி அவர்களுக்கு இலவசம். சில வாரங்கள் ஓடும். அதில் தொழில்நுட்பம் பாதி என்றால், காலை 7 மணி என்றால் 7 மணிக்கு வந்து நிற்பது, நேர்முகத்தில் பேசுவது, மேலாளரோடு மனத்தாங்கல் வந்தால் சட்டென்று கையை உதறிவிட்டுப் போகாமல் இருப்பது என்று மீதிப் பாதி. தேசிய சேவை முடித்த நம் பையன்களுக்கு இந்த இரண்டாம் பாதி ஏற்கெனவே கொஞ்சம் ஊறியிருக்கும்.

தொழில்நுட்பப் பாதியின் முதுகெலும்பு 40 மணி நேர அபாயக் கழிவுப் பாதுகாப்புப் பயிற்சி. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் கேட்பது அது. 40 மணி நேரம் வகுப்பு, அப்புறம் மூன்று நாள் களத்தில் மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்று வேலை, அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை 8 மணி நேரம் புதுப்பித்தல். இதன் மேல் ஆஸ்பெஸ்டாஸ் அகற்றுவது, ஈயப் பெயிண்ட் அகற்றுவது, அடைபட்ட இடத்தில் வேலை செய்வது, முதலுதவி என்று ஊருக்குத் தகுந்தபடி சேர்த்துக்கொள்வார்கள்.

உள்ளே என்ன சொல்லித்தருகிறார்கள்

மண்வெட்டி பிடிக்கச் சொல்லித்தருவார்கள் என்று நினைப்பீர்கள். மண்வெட்டி கடைசியில் வரும். சந்தேகப்படவும் எழுதிவைக்கவும்தான் முதலில் பழக்குவார்கள். இது எனக்கு உறைக்க ஒரு புட்டி மண் செலவானது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. துளைபோடும் இயந்திரம் மண்ணைக் குழாய்க்குள் உருளையாக மேலே கொண்டுவந்தது. லேசாக பெட்ரோல் வாடை. அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மூட வேண்டும். நான் முக்கால் புட்டி போட்டு, ஊறுகாய் ஜாடி மாதிரி வாய்ப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டு, விளிம்பைத் துடைத்து, நேர்த்தியாக மூடினேன். மேற்பார்வையாளர் வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் திறந்து கீழே கொட்டினார்.

"தம்பி, நீ எதைப் பிடிச்சு அனுப்பப் போற, மண்ணையா ஆவியையா?"

பென்சீன் மாதிரிப் பொருள்கள் ஆவியாகி ஓடுபவை. புட்டிக்குள் காலி இடம் இருந்தால் மண்ணிலிருந்து கிளம்பி அங்கே போய் நிற்கும். ஆய்வகத்தில் மூடியைத் திறந்த நொடியில் பறந்துவிடும். கெட்ட மண் நல்ல மண்ணாகச் சான்றிதழ் வாங்கிவிடும். அதனால் புட்டி தளும்பத் தளும்ப நிறைய வேண்டும், மூடிக்கும் மண்ணுக்கும் நடுவில் காற்று இருக்கக்கூடாது. அதையும் முதலில் எடுக்க வேண்டும். உலோகத்துக்கான மாதிரி பிறகு வரட்டும், ஈயம் எங்கும் பறந்து போகாது. உடனே ஐஸ் பெட்டிக்குள் வைக்க வேண்டும், 4 டிகிரிப் பக்கம் இருக்க வேண்டும். அடுத்த மாதிரி எடுக்கும் முன் கையுறையை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் முதல் குழியின் அழுக்கை இரண்டாம் குழிக்குக் கையோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவோம்.

அப்புறம் காகிதம். புட்டியில் ஒட்டும் சீட்டில் எந்தத் துளை, எத்தனை மீட்டர் ஆழம், என்ன தேதி, எத்தனை மணி, யார் எடுத்தது என்று எழுத வேண்டும். கூடவே போகும் ஒரு படிவத்தில் புட்டி கைமாறும் ஒவ்வொரு முறையும் கொடுப்பவரும் வாங்குபவரும் நேரம் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். களத்திலிருந்து வண்டி, வண்டியிலிருந்து ஆய்வகம் வரை இந்தச் சங்கிலி அறுந்துபோகக்கூடாது. நாளைக்கு வழக்கு என்று வந்தால் நீதிமன்றத்தில் பேசப்போவது மண் இல்லை, இந்தப் படிவம்தான். கோடிக்கணக்கான வெள்ளி பெறும் நிலத்தின் தலையெழுத்தை, மழையில் நனைந்த கையோடு குந்தியிருந்து எழுதும் ஒரு இருபத்திரண்டு வயதுப் பையனின் கையெழுத்து தீர்மானிக்கும். அமெரிக்காவோ சிங்கப்பூரோ, முதலாளிகள் தேடுவது இந்தப் பழக்கம் இருக்கும் ஆளை. பலம் இருக்கும் ஆள் எங்கும் கிடைப்பான்.

சந்தேகம் என்றேன் இல்லையா, அது மூக்கிலிருந்து தொடங்குகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு அழுகிய முட்டை மாதிரி நாறும் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவை நெருங்கியதும் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் போய்விடும். நாற்றம் போனது, ஆபத்து போனது என்று குழிக்குள் இறங்கியவர்கள் திரும்பி ஏறியதில்லை. விழுந்தவரைத் தூக்க இறங்கியவர்களும் அப்படியே போயிருக்கிறார்கள். அதனால் இடுப்பில் மீட்டர். அது நான்கைப் பார்க்கும்: உயிர்வாயு, தீப்பிடிக்கும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு. வெளிக்காற்றில் உயிர்வாயு 20.9 விழுக்காடு இருக்கும். 19.5-க்குக் கீழே போனாலும் 23.5-க்கு மேலே போனாலும் உள்ளே இறங்கக்கூடாது. சிங்கப்பூர் விதியிலும் இதே எண்கள்தான். இந்த மூன்று எண்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரியாதவரை நான் குழிப் பக்கம் விடமாட்டேன்.

நஞ்சு இருக்கும் நிலத்தை மூன்று வளையமாகப் பிரிப்பார்கள். நடுவில் கெட்ட இடம், அதைச் சுற்றி ஆளும் கருவியும் கழுவி வெளியேறும் இடம், வெளியே சுத்தமான இடம். இதைத் தமிழர்களுக்கு விளக்குவது சுலபம். துக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் நேராகக் கூடத்துக்குள் நுழைவோமா? வாசலிலேயே குளித்து, துணியை நனைத்துப் போட்டுவிட்டுத்தானே உள்ளே வருவோம். இரண்டாவது வளையம்தான் அந்தக் குளியல். முதலில் பூட்ஸைக் கழுவ வேண்டும். வெளிக் கையுறையைக் கழற்ற வேண்டும். மேலங்கியை உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிக்கொண்டே இறக்க வேண்டும். பிறகு முகக்கவசம். உள் கையுறை எல்லாவற்றுக்கும் கடைசி. வரிசை தப்பினால், எட்டு மணி நேரம் கவனமாக இருந்ததெல்லாம் கடைசி இரண்டு நிமிடத்தில் வீணாகி, அழுக்கு உங்களோடு எம்ஆர்டி ஏறி வீட்டுக்கு வந்துவிடும்.

நம் ஊர் வெயிலையும் சொல்ல வேண்டும். காற்று நுழையாத மேலங்கிக்குள் ஆள் இட்டிலி மாதிரி வெந்துபோவார். மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் கொண்டுவந்த விதிகளில் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த அளவு 32 டிகிரியைத் தொட்டால், வெளியில் கடுமையான உடலுழைப்பு செய்பவர்களுக்கு மணிக்கு 10 நிமிட ஓய்வு கட்டாயம். 33-ஐத் தொட்டால் 15 நிமிடம். அமெரிக்கப் பாடப்புத்தகத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் முதலில் கிழிவது இந்தப் பக்கம்தான்.

சுத்தம் செய்யும் வழிகள்

எளிய வழி தோண்டி அள்ளிக்கொண்டு போவது. விரைவு, ஆனால் செலவு. ஒரு கன மீட்டர் மண் கிட்டத்தட்ட இரண்டு டன் வரை கனக்கும், அதை ஏற்ற உரிமம் பெற்ற வண்டி வேண்டும், சுத்திகரிக்க இடமும் வேண்டும். எண்ணெய் கலந்த மண்ணைக் குவித்து, காற்றும் ஈரமும் ஊட்டம் கொஞ்சமும் கொடுத்தால் நுண்ணுயிர்கள் சில மாதங்களில் தின்று முடிக்கும். ஆவியாகும் பொருள் என்றால் குழாய் இறக்கி உறிஞ்சி எடுப்பார்கள். செடிகளும் உதவும். ஒருவகைப் பெரணி ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும் என்று 2001-இல் கண்டுபிடித்தார்கள். அறுத்த இலையை எங்கே போடுவது என்பது அடுத்த தலைவலி.

சில இடங்களில் எதையும் எடுக்க மாட்டார்கள். லோரோங் ஹாலுஸ் 1999 வரை குப்பை கொட்டிய இடம். அதன் பிறகு குப்பை செமாக்காவ் தீவுக்குப் போகத் தொடங்கியது. மழைத்தண்ணீர் பழைய குப்பைக்குள் இறங்கிக் கறுப்பாகக் கசிந்து சிராங்கூன் நீர்த்தேக்கத்தில் கலந்துவிடாமல் இருக்க வேண்டும். அதற்காகப் பொதுப் பயனீட்டுக் கழகம் கரையில் தடுப்புச் சுவர் எழுப்பி, கசிவை இறைத்து, நாணல் பாத்திகளில் வடித்துச் சுத்தம் செய்கிறது. அங்கே இருக்கும் சிவப்புப் பாலத்தில் திருமணப் படம் எடுக்க வருபவர்கள் பலருக்குத் தாங்கள் எதன் பக்கத்தில் நிற்கிறோம் என்று தெரியாது. பயிற்சிக்கு ஆள் சேர்த்தால் முதல் நாள் வகுப்பை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

இங்கே வேலை இருக்கிறதா

இந்தத் தீவு ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். அதில் பழைய தொழிற்சாலை நிலத்தைத் தொடாதே என்று வேலிபோட்டு விட்டுவைக்க முடியாது. 1961-இல் ஜூரோங் சதுப்பில் தொழிற்பேட்டை வெட்டத் தொடங்கியது முதல் பார்த்தால், ஒரே மனையில் இரண்டு மூன்று தொழில்கள் வந்துபோயிருக்கும். தொழில் நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் அரசாங்க அமைப்பான ஜேடிசி நிலத்தைக் குத்தகைக்குத்தான் விடுகிறது. மாசு உண்டாக்கக்கூடிய தொழில் என்றால், குத்தகை தொடங்கும்போது மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்துப் பதிவுசெய்ய வேண்டும், முடியும்போது மறுபடி சோதிக்க வேண்டும். நடுவில் கூடியிருக்கும் அழுக்கைச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுப்பது குத்தகைக்காரர் பொறுப்பு. வாடகை வீட்டுக்குச் சாவி வாங்கும்போது சுவரைப் படம் எடுத்து வைக்கிறோமே, அதே ஏற்பாடு. வாடகை வீட்டில் ஆணி அடித்த ஓட்டை, இங்கே டீசல். அந்த இரண்டு சோதனைகளும்தான் எனக்குச் சோறு போடுகின்றன.

ஆனால் பையனிடம் மறைக்காமல் சொன்னேன். இந்தத் தொழில் இங்கே சின்னது. அமெரிக்காவைப் பார்த்து யாராவது ஆண்டுக்கு ஐந்நூறு பேரைப் பயிற்றுவித்தால், நானூறு பேர் மறுபடி காப்பிக்கடையில் உட்கார வேண்டியதுதான். தோண்டுவது, ஏற்றுவது போன்ற வேலையைப் பெரும்பாலும் செய்பவர்கள் தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வேலை அனுமதியில் வந்த தோழர்கள். அவர்களில் பலர் அனுபவத்தில் நம்மைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள். நான் மீட்டர் பிடிக்கக் கற்றுக்கொண்டது புதுக்கோட்டைக்கார அண்ணன் ஒருவரிடம். உள்ளூர் இளையருக்கு வாசல் திறப்பது மாதிரி எடுக்கும் தொழில்நுட்பர், களப் பதிவாளர், பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் பக்கம். அங்கிருந்து படித்துக்கொண்டே திட்ட நிர்வாகம் வரை ஏறலாம்.

வேலையில்லாத இளையர்களுக்கென்று நிலச் சுத்திகரிப்புப் பயிற்சி ஒரே பொட்டலமாக இங்கே என் கண்ணில் பட்டதில்லை. துண்டுதுண்டாக எடுத்து நாமே கோக்க வேண்டியிருக்கிறது. அடைபட்ட இடத்தில் வேலை செய்யும் வகுப்பு ஒன்று, அபாயகரமான பொருள்களைக் கையாளும் வகுப்பு ஒன்று, முதலுதவி ஒன்று. பயிற்சிக்கென்று அரசாங்கம் கொடுக்கும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் 500 வெள்ளி 25 வயது ஆனால்தான் கைக்கு வரும், இவனுக்கு இன்னும் மூன்று ஆண்டு பாக்கி. ஆனால் பல வகுப்புகளின் கட்டணத்தில் குடிமக்களுக்குச் சலுகை உண்டு. இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவில் கேட்டுப்பார்க்கவும் சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னேன். மண்ணை மட்டும் நம்பாதே, பக்கத்துத் தொழில்களையும் சேர்த்துக்கொள். 1991-க்கு முன் கட்டிய கட்டடத்தை இடிக்கும் முன் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நச்சுத் தொழிற்கழிவு ஏற்றும் நிறுவனங்கள் இருக்கின்றன. துவாஸில் ரசாயனம் கொட்டினால் ஓடிப்போய் அள்ளும் குழுக்கள் இருக்கின்றன. மேலங்கி, மீட்டர், கழற்றும் வரிசை, படிவம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். மண் வேலை இல்லாத மாதம் இவற்றில் ஒன்று கை கொடுக்கும்.

கேட்டுக்கொண்டே இருந்தவன், "சரி மாமா, முதல் படி என்ன?" என்றான்.

முகக்கவசப் பொருத்தச் சோதனை என்றேன். கவசத்தை மாட்டிவிட்டுத் தலையில் ஒரு பையைக் கவிழ்த்து, உள்ளே சாக்கரின் கலந்த இனிப்புப் புகையைத் தூவுவார்கள். தலையை இடமும் வலமும் திருப்பச் சொல்வார்கள், மேலும் கீழும் பார்க்கச் சொல்வார்கள், ஒரு பத்தியை உரக்கப் படிக்கச் சொல்வார்கள். நாக்கில் இனிப்பு தெரிந்தால் கவசம் முகத்தில் சரியாக உட்காரவில்லை, எங்கோ காற்று நுழைகிறது என்று அர்த்தம். முகத்தோல் மழமழவென்று இருந்தால்தான் ரப்பர் விளிம்பு ஒட்டும்.

பையன் மெதுவாகத் தாடியைத் தடவினான்.

"டிரிம் பண்ணா போதுமா மாமா?"

"போதாது. தாடியோட வந்தா சோதனையே பண்ண மாட்டாங்க."

தே ஹாலியாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வகுப்பு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று கைப்பேசியில் தேட ஆரம்பித்தான். மூன்று வாரம் இருக்கிறது என்று தெரிந்ததும் முகத்தில் ஒரு நிம்மதி. அதுவரை வைத்துக்கொள்ளலாம்.